நூறு கிலோவும் ஒரு வேளைக் குழம்பும்: ஏழு மொட்டைமாடிகளின் ஓராண்டுக் கணக்கு

தாம்பரத்துக்கு அருகே ஒரே தெருவில் அடுத்தடுத்தும் எதிரெதிருமாக இருக்கும் ஏழு வீடுகளின் மொட்டைமாடிகளில், 2023 ஆடியிலிருந்து 2024 ஆடித் தொடக்கம் வரை நடந்த காய்கறி வளர்ப்பைப் பற்றிய ஆய்வு இது. ஏழில் ஒன்று என் வீடு. ஆகவே வெளியிலிருந்து பார்த்தவனின் நடுநிலை இதில் இருக்காது. நான் செய்த பிழைகளும் இந்தக் கணக்கில் சேர்ந்தே இருக்கின்றன. எங்களில் எவரும் விவசாயக் குடும்பத்திலிருந்து வந்து அண்மைக்காலம் வரை மண்ணில் கைவைத்தவர்கள் அல்லர். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், வங்கி ஊழியர் ஒருவர், வீட்டிலேயே தையல் தொழில் செய்யும் அக்கா ஒருவர், வேலைக்குப் போய்வரும் மற்ற நான்கு குடும்பங்கள் என்பதுதான் கூட்டம். இரண்டு வீடுகள் தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தரும் மாடித்தோட்டத் தொகுப்பை வாங்கித் தொடங்கியவை. குரோ பேக் என்ற செடி வளர்க்கும் பை, தேங்காய்நார்க் கழிவு, விதைப் பொட்டலங்கள், அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்ற நுண்ணுயிர் உரங்கள், நோய் தடுக்கும் பூஞ்சையான டிரைக்கோடெர்மா, வேப்பெண்ணெய் மருந்து என்று அந்தத் தொகுப்பில் வருவதை வைத்தே அவர்கள் முதல் செடியை வளர்த்தார்கள். மற்றவர்கள் பெயிண்ட் வாளியிலும் உடைந்த பிளாஸ்டிக் தொட்டியிலும் ஆரம்பித்தவர்கள்.

ஆய்வுக்கு அடிப்படை ஒரு நீள நோட்டு. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை மாலை ஏதாவது ஒரு மாடியில் கூடுவது, அந்த மாதம் பறித்த காய்களின் எடையை நோட்டில் எழுதுவது, அடுத்து என்ன விதைப்பது என்று பேசுவது என்பதுதான் ஏற்பாடு. முதலில் நோட்டில் மூன்றே பத்திகள் இருந்தன: தேதி, காய், எடை. ஆண்டு முடிவில் அது ஏழு பத்திகளாக வளர்ந்திருந்தது. மூன்று எப்படி ஏழாயிற்று என்பதைச் சொன்னால் எங்கள் திட்டம் எங்கே தவறியது, எங்கே திருந்தியது என்பதைச் சொன்னதாகிவிடும்.

விலையைப் பார்த்துப் போட்ட திட்டம்

முதல் கூட்டம் 2023 ஜூலை 2ஆம் தேதி நடந்தது. அந்த வாரம் சென்னையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியிருந்தது. இரண்டு நாள் கழித்து ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு அரசு தக்காளி விற்கத் தொடங்கியதும், வரிசையில் நின்று வாங்கி வந்ததும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்படிப்பட்ட ஒரு வாரத்தில் காய்கறிச் செடி வைத்திருக்கும் ஏழு குடும்பங்கள் கூடினால் என்ன பேசுவார்கள்? தக்காளியைத்தான் பேசினோம். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்ற சொல்லும் கைகொடுத்தது. அந்தச் சொல் மழையை நம்பும் மானாவாரி நிலத்தை மனத்தில் வைத்துச் சொன்னது என்பதையோ, மாடியில் வைத்த பைக்குப் பட்டம், அதாவது விதைக்கும் பருவம், என்பது மழையை மட்டும் பார்த்து வருவதில்லை என்பதையோ அன்று யாரும் எடுத்துச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, ஏனென்றால் எனக்கும் தெரியாது.

ஏழு மாடிகளிலும் சேர்த்து இருந்த 164 பைகளில் 71 பைகளைத் தக்காளிக்கு ஒதுக்கினோம். வெண்டைக்கு 34, கத்தரிக்கு 22, மிளகாய்க்கு 12. மீதி 25 பைகளில் புடலை, பீர்க்கை, பாகல், அவரை, கீரை. ஆடிப்பெருக்கு அன்று, அதாவது ஆகஸ்ட் 3ஆம் தேதி, வெண்டை விதையை எல்லா வீடுகளும் ஒரே நாளில் ஊன்றின. தெருவே சேர்ந்து செய்தது என்ற மகிழ்ச்சி அதில் இருந்தது. அந்த மகிழ்ச்சிக்கு என்ன விலை என்பது செப்டம்பரில் தெரிந்தது.

வெண்டை ஊன்றிய 45ஆம் நாள் வாக்கில் முதல் பறிப்புக்கு வரும். ஒரு செடி இரண்டு நாளைக்கு ஒரு காய் தரும், சில நாள் அதுவும் இல்லை. ஒரு வீட்டில் பத்துச் செடி இருந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் எட்டுக் காய், ஒன்பது காய் கிடைக்கும். எட்டு வெண்டைக்காயை வைத்துக்கொண்டு நான்கு பேர் உள்ள வீட்டில் பொரியலும் செய்ய முடியாது, காரக்குழம்புக்கும் போதாது. ஆகவே அது ஃபிரிட்ஜுக்குப் போகும். இரண்டு நாள் கழித்து இன்னும் எட்டு சேரும். அதற்குள் முதல் எட்டின் காம்பு கறுத்துவிடும். அதைவிட்டால் "நாளைக்குச் சேர்த்துப் பறிக்கலாம்" என்று செடியிலேயே விடுவோம். நுனியை விரலால் வளைத்தால் பட்டென்று ஒடிய வேண்டிய காய், மறுநாள் நார் ஏறி வளைந்து நிற்கும். நோட்டில் எடை மட்டும் நன்றாக ஏறியது, ஏனென்றால் முற்றிய காய்க்கு எடை அதிகம். பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம் என்றால் அவர்கள் ஃபிரிட்ஜிலும் அதே எட்டுக் காய் இருந்தது. ஏழு வீடுகளும் ஒரே நாளில் ஒரே விதையை ஊன்றியதால், ஒருவருக்கு ஒருவர் மாற்றிக்கொள்ள எங்களிடம் எதுவுமே இல்லை. அக்டோபர் கடைசியில் செடிகள் ஓய்ந்தபோது எல்லா வீட்டிலும் ஒரே வாரத்தில் ஓய்ந்தன.

தக்காளி நவம்பரில் நன்றாகவே வந்தது. ஆனால் எந்த விலையைப் பார்த்து 71 பை வைத்தோமோ அந்த விலை செப்டம்பரிலேயே சரிந்துபோயிருந்தது. ஜூலையில் விதைத்த தக்காளி ஜூலை விலைக்கு விற்பனைக்கு வராது என்பது கோயம்பேட்டுக்குக் காய் அனுப்பும் எந்த விவசாயிக்கும் தெரிந்த பாடம். நாங்கள் விற்கவில்லை என்பதால் நஷ்டம் பணமாகத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

டிசம்பர் 2ஆம் தேதி சனிக்கிழமை கணக்குப் போட்டபோது மொத்த எடை 101 கிலோவாக இருந்தது. தக்காளி 38, வெண்டை 27, கத்தரி 19, மிளகாய் 3, மற்றவை 14. நூறு கிலோவைத் தாண்டிவிட்டோம் என்று மறுநாள் கூட்டத்துக்குக் கேசரி செய்வதாகத் தையல்கார அக்கா சொல்லியிருந்தார். கேசரி செய்யப்படவில்லை. டிசம்பர் 3ஆம் தேதி ஞாயிறு காலையிலிருந்தே மிக்ஜாம் புயலின் மழை பிடித்துக்கொண்டது.

மழைக்குப் பின் செய்த பிரேத பரிசோதனை

புயல் ஆந்திரக் கரையை பாபட்லா அருகே கடந்தது டிசம்பர் 5ஆம் தேதி. ஆனால் எங்களுக்கு வந்த சேதமெல்லாம் 3, 4 தேதிகளில் விடாமல் கொட்டிய மழையில் வந்தது. தெருவில் தண்ணீர், வீட்டில் மின்சாரம் இல்லை. மாடியை நினைக்க யாருக்கும் நேரமில்லை. 5ஆம் தேதி காலையில் நான் ஏறிப் பார்த்தபோது மாடியில் கணுக்கால் அளவுக்கு நீர் நின்றது. மழை நின்று பல மணி நேரம் ஆகியும் மாடியில் தண்ணீர் நிற்கிறது என்றால் வடிகுழாயைத்தான் பார்க்க வேண்டும். கையை விட்டுத் துழாவியபோது ஈரத்தில் ஊறிப் பிசைந்த மாவுபோல் ஒரு கட்டி வந்தது. தேங்காய்நார்க் கழிவும் உதிர்ந்த தக்காளி இலைகளும் சேர்ந்து வடிகட்டியை அடைத்திருந்தன. பைகளின் வாய்வரை நிறைத்திருந்த கலவை மழையில் மிதந்து வழிந்ததால் வந்த வினை அது. கலவையை இரண்டு அங்குலம் குறைத்து நிரப்பியிருந்தால் அந்தக் கட்டி உருவாகியிருக்காது. அடைப்பை எடுத்ததும் தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கியது. செடிகள் அப்போது பச்சையாகத்தான் நின்றன. வாடியது அதற்கு அடுத்த மூன்று நாட்களில், நல்ல வெயில் அடித்தபோது. வேர் மூச்சுவிட முடியாமல் அழுகியிருந்தால் மேலே வெயில் பட்ட பிறகே செடி காட்டிக்கொடுக்கும்.

அந்த மாதக் கூட்டம் நடக்கவில்லை. 2024 ஜனவரி 7ஆம் தேதிதான் எல்லோரும் டீச்சரம்மா வீட்டு மாடியில் கூடினோம். நோட்டைத் திறந்து யாரோ "டிசம்பர் 2 வரைக்கும் 101 கிலோ" என்று படித்தபோது டீச்சரம்மா கேட்டார்: "பறிச்சதை எல்லாம் எழுதியிருக்கோம். செத்ததை எங்க எழுதியிருக்கோம்?"

எங்கும் எழுதவில்லை. அன்று முழுக்க நினைவிலிருந்து திரட்டினோம். நட்ட 71 தக்காளியில் 12 செடிகள் செப்டம்பரிலேயே இலை சுருண்டு பிடுங்கி எறியப்பட்டவை. வெயிலில் பெருகிய வெள்ளை ஈ கொண்டுவந்த இலைச்சுருள் நச்சுயிரி அது. அதை ஒவ்வொரு வீடும் தன் தவறு என்று எண்ணிக்கொண்டு அமைதியாக இருந்துவிட்டது. ஏழு வீடும் அதே மாதத்தில் அதே காரணத்துக்காகச் செடியைப் பிடுங்கியது யாருக்கும் தெரியவில்லை. எஞ்சிய 59 செடிகளில் மழைக்குப் பின் தேறியவை 13. அவை எங்கே இருந்தன என்று பார்த்தபோதுதான் இந்த ஆண்டின் மிகப் பயனுள்ள எண் கிடைத்தது. தரையில் நேரடியாக வைத்திருந்த பைகள் 40. அவற்றில் ஒன்றுகூடத் தப்பவில்லை. செங்கல் அடுக்கியோ இரும்பு ஸ்டாண்டிலோ உயர்த்தி வைத்திருந்தவை 19. தப்பிய பதிமூன்றும் அந்தப் பத்தொன்பதில் இருந்தவை. ஸ்டாண்டு வைத்திருந்த இரண்டு வீடுகளில் வடிகுழாயும் சுத்தமாக இருந்தது என்பதால் முழுப் பெருமையையும் ஸ்டாண்டுக்கே கொடுத்துவிட முடியாது. ஆனாலும் பையின் அடித்துளை தண்ணீருக்குள் இருந்ததா வெளியே இருந்ததா என்பதுதான் உயிருக்கும் சாவுக்கும் இடையே நின்றது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

நோட்டில் நான்காவது பத்தி அன்று பிறந்தது. அதன் தலைப்பு "செத்தது". பக்கத்தில் ஐந்தாவதாக "எதனால்". முன்பே இருந்த "தேதி" பத்தியில் விதைத்த தேதியையும் சேர்த்து எழுத வேண்டும் என்று வங்கிக்காரர் சொன்னார். அந்தத் தேதி இல்லாமல் ஒருவரின் அறுவடை இன்னொருவருக்குப் பயன்படாது என்பது அவர் வாதம். விவரம் குறைந்த தகவல் அடுத்தவருக்கு உதவாது என்பதற்குச் சான்றாக அவர் தன் பீர்க்கைக் கதையைச் சொன்னார்.

தகவல் சரி, செடி வேறு

அவருடைய பந்தலில் பீர்க்கை ஆண் பூவும் பெண் பூவுமாகப் பூத்துக் குலுங்கியும் ஒரு பிஞ்சு தங்கவில்லை. அக்டோபர் கூட்டத்தில் அவர் கேட்டபோது, ஆறாம் வீட்டுக்காரர் "காலையில ஏழு மணிக்கு ஆண் பூவைக் கிள்ளி பெண் பூவில் தொட்டு வைங்க சார், எனக்கு எல்லாம் பிடிச்சுது" என்று வழி சொன்னார். வங்கிக்காரர் மூன்று வாரம் தினமும் காலையில் தொட்டு வைத்தார். எல்லாப் பிஞ்சும் மஞ்சளாகி உதிர்ந்தன. காரணம் எளியது. ஆறாம் வீட்டில் இருந்தது நுரைப்பீர்க்கை. அதன் பூ காலையில் விரியும். வங்கிக்காரர் வளர்த்தது வரிவரியாக முதுகு உள்ள சாதாரணப் பீர்க்கை. அதன் பூ மாலையில்தான் விரியும். காலை ஏழு மணிக்கு அவர் தொட்டு வைத்தது முந்தின நாள் மாலையில் விரிந்து வேலை முடித்துவிட்ட பூவை. நகரத்து மாடியில் மாலை நேரத்துக்கு வரும் அந்துப்பூச்சிகளும் குறைவு. அவர் வீடு திரும்புவது இரவு எட்டு மணிக்கு. கடைசியில் எதிர்வீட்டுப் பத்தாம் வகுப்புப் பையன் மாலை ஆறு மணிக்கு ஏறித் தொட்டு வைக்கத் தொடங்கிய பிறகுதான் காய் தங்கியது. புயலுக்கு முன் ஒன்பது காய் கிடைத்தது, அவ்வளவே.

இருவரும் பொய் சொல்லவில்லை. இருவரும் "பீர்க்கை" என்றே சொன்னார்கள். பகிர்ந்துகொண்ட தகவலில் ரகம் இல்லை, அதனால் சரியான தகவல் தவறான செடிக்குப் போயிற்று. நோட்டின் ஆறாவது பத்தி "ரகம்" ஆனது இப்படித்தான்.

அவரையிலும் இதே போன்ற ஒன்று நடந்தது. மூன்றாம் வீட்டிலும் ஐந்தாம் வீட்டிலும் ஆடியில் ஒரே நாட்டுப் பந்தல் அவரை விதையைப் பங்கிட்டு ஊன்றினார்கள். அக்டோபர் வரை கொடி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, பூ இல்லை. ஐந்தாம் வீட்டில் "தழைச்சத்து அதிகமாகிவிட்டது" என்று முடிவுகட்டி அறுத்து எறிந்தார்கள். மூன்றாம் வீட்டுத் தையல்கார அக்கா அறுக்கவில்லை. கேட்டதற்கு, "எங்க ஊர்ல அவரை மார்கழிலதான் காய்க்கும், பனி இறங்கணும்" என்றார். நாட்டு அவரை பகல் பொழுது குறைந்த பிறகே பூக்கும் இயல்புடையது. ஆடியில் ஊன்றினாலும் ஆவணியில் ஊன்றினாலும் அது காத்திருப்பது அந்தக் குறுகிய பகலுக்காக. அக்காவின் செடி மாடிப்பையில் இல்லை. வீட்டு ஓரத்து மண்ணில் ஊன்றி மாடிக்கு ஏற்றிவிட்டது. புயலையும் தாண்டி மார்கழியிலிருந்து மாசி வரை அது தெருவுக்கே கொடுத்தது. நோட்டில் வெறும் எடையைப் பார்த்தால் டிசம்பர் கடைசிவரை அவரைக்கு நேராகச் சுழிதான் இருக்கும்.

சுவரின் நிழலும் சூரியனின் நகர்வும்

ஜனவரிக் கூட்டத்தில் இன்னொரு புதிரும் அவிழ்ந்தது. இரண்டாம் வீட்டின் கத்தரிச் செடிகள் ஆவணியில் எல்லோருடையதையும்விடக் கொழுகொழுவென்று நின்றன, கார்த்திகைக்குப் பின் பூக்கவே இல்லை. உரம் போட்டார்கள், பஞ்சகவ்யம் தெளித்தார்கள், மீன் அமிலம் ஊற்றினார்கள். எதற்கும் அசையவில்லை. கூட்டம் நடந்த அன்று நண்பகலுக்கு முன்பே நான் அவர்கள் மாடிக்குப் போயிருந்ததால் காரணத்தைக் கண்ணால் பார்க்க முடிந்தது. மாடிக்குத் தெற்கே ஓர் அடுக்ககத்தின் சுவர், அவர்கள் மாடித் தரையிலிருந்து பத்தடிக்கு மேல் எழும்பி நிற்கிறது. பைகள் முழுக்க அதன் நிழலில் இருந்தன.

சென்னை ஏறக்குறைய 13 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஆடி மாதத்தில் நண்பகல் சூரியன் நம் உச்சிக்குச் சற்று வடக்கே இருக்கும். அப்போது தெற்குச் சுவர் நண்பகலில் மாடிமேல் நிழலே வீழ்த்தாது. டிசம்பர் கடைசியிலோ சூரியன் தெற்கே வெகுவாகச் சாய்ந்துவிடும். அப்போது பத்தடிச் சுவர் நண்பகலிலேயே வடக்கு நோக்கி ஏழடிக்கு மேல் நிழல் வீழ்த்தும், காலையிலும் மாலையிலும் நிழல் அதைவிட நீளம். ஆடியில் "இங்கே நல்ல வெயில்" என்று பார்த்து வைத்த பை, கார்த்திகையில் நிழலுக்குள் போய்விடுகிறது. பை நகரவில்லை, சூரியன் நகர்ந்துவிட்டது. வாஸ்து பார்த்து வீடு கட்டும் ஊரில் வெயில் பார்த்துப் பை வைக்க ஆளில்லை என்று டீச்சரம்மா சிரித்தார்.

தைப்பட்டத் திட்டம் இந்த நிழலிலிருந்து தொடங்கியது. ஒவ்வொரு மாடியிலும் எந்த மூலைக்கு ஜனவரியில் எத்தனை மணி நேரம் நேர்வெயில் கிடைக்கிறது என்று ஒரு நாள் முழுக்கக் குறித்தோம். ஆறு மணி நேரத்துக்கு மேல் கிடைத்த நான்கு மாடிகளுக்குத் தக்காளி, கத்தரி, வெண்டை, மிளகாய். நிழல் அதிகமுள்ள மற்ற மூன்றுக்குப் புதினா, மணத்தக்காளி, பொன்னாங்கண்ணி, அரைக்கீரை, வெந்தயக்கீரை. சொல்வது எளிது. இரண்டாம் வீட்டு அம்மா முகம் சுருங்கிவிட்டது. "எல்லாரும் காய் வைப்பீங்க, நான் மட்டும் கீரையா?" என்ற கேள்வியில் நியாயம் இருந்தது. மாடியில் சிவந்து தொங்கும் தக்காளியைப் பார்ப்பதில் ஒரு மகிழ்ச்சி உண்டு, அதைக் கீரை தராது. கடைசியில் அவர் மாடியில் வடக்கு ஓரம் வெயில் விழும் இடத்தில் நான்கு தக்காளிப் பையும் வைப்பதென்று முடிவாயிற்று. திட்டத்தின்படி அது பிழை, தெருவில் முகம் பார்த்துப் பேச வேண்டும் என்பதற்கு அது சரி.

எடைக்குப் பதில் வேளை

ஏழாவது பத்திதான் எங்கள் திட்டத்தை முழுவதும் மாற்றியது. அந்த யோசனை தையல்கார அக்காவுடையது. "கிலோ கணக்கு கடைக்காரனுக்கு. எனக்கு ஒரு வேளைக்கு ஆச்சா இல்லையான்னுதான் கணக்கு" என்றார். அதன் பிறகு ஒரு பறிப்பு, ஒரு வீட்டில் ஒரு வேளைச் சமையலுக்கு ஆகுமானால் நோட்டில் "1" என்று எழுதினோம். ஆகாவிட்டால் எவ்வளவு எடை இருந்தாலும் சுழி. எட்டு வெண்டைக்காய் சுழி. ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை அடையில் சேருமானால் ஒன்று.

101 கிலோவை இந்த அளவுகோலில் திருப்பிப் பார்த்தோம். நினைவிலிருந்து எழுதியதில் தொண்ணூறு வேளையைத் தாண்டவில்லை. எடையாகப் பார்த்தாலும் பறிப்பு நடந்த பதினொரு வாரத்தில் ஒரு வீட்டுக்கு வாரத்துக்கு ஏறக்குறைய ஒன்றேகால் கிலோதான் வந்திருந்தது. நாலு பேர் வீட்டில் அது மூன்று நாள் காய்கூட இல்லை. கேசரிக்கு அவசரப்பட்டுவிட்டோம் என்பது தெரிந்தது.

வேளைக் கணக்கு பயிரிடும் முறையை நேரடியாகத் திருப்பியது. வெண்டையை ஏழு மாடியிலும் பிரித்து வைத்தால் எங்குமே ஒரு வேளைக்குச் சேராது. ஆகவே அதை ஐந்தாம் வீட்டில் மட்டும், பத்துப் பையில் இருபது செடியாக வைத்தோம். ஒருநாள் விட்டு ஒருநாள் இருபது காய், ஏறக்குறைய 350 கிராம், ஒரு வீட்டுக்கு ஒரு பொரியல். அன்று யார் முறையோ அவர் வீட்டுக்கு முழுவதும் போகும். பதினைந்து நாள் கழித்து நாலாம் வீடான என் மாடியில் இன்னொரு இருபது செடி, முதல் தொகுதி ஓயும்போது இது உச்சத்தில் இருக்கும்படி. முதல் தொகுதிக்குப் பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா அனாமிகா விதை, மஞ்சள் நரம்புத் தேமல் நோயைத் தாங்கும் ரகம் என்று தேர்ந்தெடுத்தது. நான் என் பங்குக்கு முந்தைய பருவத்தில் முற்றவிட்ட வெண்டையிலிருந்து எடுத்த விதையையே ஊன்றினேன். சிக்கனம் என்று நினைத்தேன். மார்ச்சில் வெயில் ஏற ஏற வெள்ளை ஈ பெருகி, என் இருபது செடியில் பதினோரு செடியின் இலைகளில் நரம்பெல்லாம் மஞ்சளாக வலை பின்னிவிட்டது. காய் வெளிறி முறுக்கிக்கொண்டது. "செத்தது" பத்தியில் அந்த மாதம் அதிக இடம் பிடித்தவன் நான்.

தக்காளியில் எண்ணிக்கையை 71லிருந்து 30ஆகக் குறைத்தோம். மார்கழியில் குழித்தட்டில் விதைத்து, பொங்கலை ஒட்டி நட்டோம். எல்லாப் பையும் செங்கல் மேல். இரவு வெப்பம் தணிந்திருக்கும் தை, மாசி மாதங்களில்தான் தக்காளிப் பூ நன்றாகப் பிஞ்சாகும். பகல் வெப்பம் 35 பாகையை நெருங்கி இரவும் புழுங்கத் தொடங்கினால் மகரந்தம் செயலிழந்து பூ காம்போடு உதிரும். ஆகவே பங்குனிக்கு முன் பிடித்த பிஞ்சுதான் கணக்கு. 30 பையில் 28 நின்றன, 43 கிலோ வந்தது. ஆடியில் 71 பையில் 38. இதைப் பருவத்தின் வெற்றி என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. ஆடியில் பாதிச் செடிகள் சமையலறைத் தக்காளியிலிருந்து பிழிந்த விதை, தையில் நான்கு வீடுகள் பி.கே.எம்.1 ரகத்தையும் மற்றவர்கள் கடையில் வாங்கிய கலப்பின நாற்றையும் வைத்தார்கள். ஆடிச் செடிகளின் காய்ப்புக் காலத்தைப் புயலும் பாதியில் வெட்டிவிட்டது. ரகம், பருவம், மழை மூன்றும் கலந்த எண் இது. என்றாலும் குறைந்த பையில் நிறைந்த காய் என்பதை ஏழு வீடும் கண்ணால் பார்த்தது.

பொங்கலிலிருந்து ஏப்ரல் கடைசி வரை மொத்தம் 93 கிலோ. ஆடியைவிட எட்டுக் கிலோ குறைவு. வேளைக் கணக்கில் 188.

கணக்கில் தீராதவை

எல்லாம் சீராகிவிடவில்லை. கீரை கொடுத்தவருக்கும் தக்காளி கொடுத்தவருக்கும் இடையே எது எதற்குச் சமம் என்ற பேச்சு இரண்டு முறை கசப்பில் முடிந்தது. ஒரு கட்டுப் புதினாவுக்கு எத்தனை தக்காளி என்று எழுதி வைத்துப் பார்த்தோம். எழுதியதே மனஸ்தாபத்துக்குக் காரணமானது. இப்போது கொடுத்ததை யாரும் எழுதுவதில்லை, பறித்ததை மட்டும் எழுதுகிறோம். ஆறாம் வீட்டுக்காரர் ஏப்ரலில் விலகிக்கொண்டார். தண்ணீர்தான் காரணம். கோடையில் ஒரு பைக்கு நாளொன்றுக்கு இரண்டு வேளையாக ஒன்றரை லிட்டராவது தேவைப்படுகிறது. லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டில் இருபத்தைந்து பைக்கு அதை ஊற்ற மனம் வராது, வரவும் வேண்டியதில்லை.

மே 5ஆம் தேதிக் கூட்டம் நடந்தது கத்திரி வெயில் தொடங்கிய மறுநாள். அன்று எடுத்த முடிவு, கோடையில் மூன்றில் இரண்டு பங்குப் பையைக் காலி செய்வது. கொத்தவரை, சுரை, நிழல்வலைக்கடியில் சிறிது கீரை மட்டும். மற்றப் பைகளின் கலவையைத் தார்ப்பாயில் கொட்டி, நனைத்து, பாலித்தீன் தாளால் இறுக மூடி மூன்று வாரம் வெயிலில் போட்டோம். வேர்ப்புழுவும் பூஞ்சையும் அந்தச் சூட்டில் பெருமளவு அடங்கும். பிறகு வேப்பம்புண்ணாக்கும் மண்புழு உரமும் கலந்து நிழலில் ஆறவிட்டோம். சும்மா இருக்கும் மாடியைப் பார்க்க முதல் வாரம் கஷ்டமாக இருந்தது. இரண்டாம் வாரம் மாலையில் பாய் விரித்துப் படுக்க இடம் கிடைத்ததில் யாருக்கும் கஷ்டமில்லை.

2024 ஜூலை 7ஆம் தேதி, ஆடி பிறக்கப் பத்து நாள் இருக்கும்போது, ஆறு வீடுகள் கூடி அடுத்த ஆண்டுத் திட்டத்தைப் போட்டன. முன்பு போல் "என்ன விதைக்கலாம்" என்று தொடங்கவில்லை. பழைய நோட்டின் ஐந்தாவது பத்தியிலிருந்து, "எதனால்" என்பதிலிருந்து தொடங்கினோம். வெண்டை மூன்று மாடியில், இருபது நாள் இடைவெளியில். நாட்டு அவரை மூன்றாம் வீட்டு மண்ணில் இரண்டு குழி, மார்கழி வரை யாரும் கை வைக்கக் கூடாது. எதிர்வீட்டுப் பையன் பிளஸ் ஒன் சேர்ந்துவிட்டதால், பீர்க்கை மாலை ஆறு மணிக்கு வீட்டில் ஆள் இருக்கும் டீச்சரம்மா மாடிக்கு மாறுகிறது. தக்காளி பன்னிரண்டே பை, எல்லாம் செங்கல் மேல், ஐப்பசிக்கு முன் பறித்து முடிக்க முடியாவிட்டால் போகட்டும் என்று. முக்கியமான தக்காளி மார்கழிக்குக் காத்திருக்கிறது. ஐப்பசி பிறந்ததும் ஒவ்வொரு வாரமும் வடிகுழாயைத் துழாவிப் பார்க்கும் முறை ஒன்றும் எழுதப்பட்டிருக்கிறது. முதல் வாரம் என்னுடையது.

புதிய நோட்டில் ஏழு பத்திகளும் கோடு போட்டாயிற்று. முதல் பதிவு ஆடி 3ஆம் தேதி விழுந்தது, அறுவடைப் பத்தியில் அல்ல: "கத்தரி நாற்று, வரிக் கத்தரி, குழித்தட்டு, 9, அணில்."